வைக்கோல் போர் எரியுது

எங்கள் குடும்பத்தில் தத்துவம் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக எதையாவது படிக்கிறேன் என்று கிளம்பினால் என்னைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். "பெரியவரும் அப்படித்தான் படிச்சாரு. கடைசியில பேங்க்ல நோட்டு எண்ணிக்கிட்டு இருந்தாரு." முப்பத்தேழு வருடம் எண்ணினேன். ஓய்வூதியமும் வருகிறது. இருந்தாலும் எச்சரிக்கைப் பலகை நான்தான்.

போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் பனி இன்னும் விலகவில்லை. இங்கிலாந்திலிருந்து தங்கை மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். தூங்காமல் கூப்பிடுகிறாள் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று பதறிவிட்டேன்.

"மாமா, உங்க பேத்தி சொல்றதைக் கேளுங்க. தத்துவம் படிக்கப் போறாளாம். அதுவும் மூணு வருஷப் படிப்பை நாலு வருஷமாப் படிப்பாளாம். முதல் வருஷம் பவுண்டேஷனாம். இவ என்ன வீடா கட்டப் போறா?"

பேத்தி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். மருத்துவம் என்று சொல்லி வேதியியல், உயிரியல், கணக்கு என்று ஏ-லெவல் என்னும் பள்ளி இறுதிப் படிப்பை எடுக்க வைத்தார்கள். மதிப்பெண் வரவில்லை. வராததில் அவளுக்கு வருத்தமும் இல்லை, அதுதான் பெற்றவர்களுக்குக் கோபம். மதிப்பெண் குறைந்தவர்களுக்கும், வேறு பாடம் படித்துவிட்டுத் திசை மாறி வருகிறவர்களுக்கும், பள்ளியை விட்டுப் பல வருடம் கழித்து வருகிறவர்களுக்கும் அங்கே சில பல்கலைக்கழகங்கள் ஓர் ஆயத்த ஆண்டை வைத்திருக்கின்றன. அதில் தேறினால் அதே பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பின் முதலாண்டுக்குப் போகலாம். பூஜ்ஜியமாவது ஆண்டு என்றும் சொல்வார்களாம். எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்காமல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது தத்துவம் படிக்கப் போகிறவர்களுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"மாமா, நீங்கதான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும். ஒரு வருஷம் வேஸ்ட்னு சொல்லுங்க."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நானே அந்தப் பூஜ்ஜியமாவது ஆண்டைப் படித்தவன் என்பது அவளுக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் பி.யு.சி.

*

இன்றைய பிள்ளைகளுக்கு பி.யு.சி. என்றால் கர்நாடகத்துச் சமாசாரம். இங்கேயும் இருந்தது. பள்ளியில் பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும். அப்புறம் கல்லூரியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. அதைத் தாண்டினால்தான் மூன்று வருடப் பட்டப்படிப்பு. 1978இல் மேல்நிலைப் பள்ளி முறை வந்து பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டன, பி.யு.சி. வழக்கொழிந்தது. அதற்கும் முந்தைய தலைமுறையில் இரண்டு வருட இன்டர்மீடியட். அதற்கும் முன்னால் எஃப்.ஏ. என்ற ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ். அந்த எஃப்.ஏ.வில் கோட்டை விட்டவர்களில் நம் டெல்டாக்காரர் ஒருவர் உண்டு. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் தொடாமல் ஆங்கிலக் கட்டுரையில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பத்து வருடம் கழித்து 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். சீனிவாச இராமானுஜன். அந்தக் கேம்பிரிட்ஜே இப்போது 2022 முதல் கலைப் பாடங்களுக்கு ஓர் ஆயத்த ஆண்டு நடத்துகிறது. தேர்வாகும் உள்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆக்ஸ்போர்டும் அடுத்த வருடமே தொடங்கியது. இதையெல்லாம் தங்கை மகளிடம் சொன்னால், "இராமானுஜனும் இவளும் ஒண்ணா மாமா?" என்பாள். நியாயம்தான்.

எங்கள் ஊர் வைத்தீசுவரன்கோயிலுக்கும் சீர்காழிக்கும் நடுவில், ரயில் நிற்காத ஊர். அப்பாவுக்குக் கோயில் நிலம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகை. 1976இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியபோது வீட்டில் இருந்த சந்தோஷம், கல்லூரிக் கட்டணம் கட்டும் நாள் தெரிந்ததும் போய்விட்டது. கல்லூரி திறப்பது ஆனியில். டெல்டாவில் ஆனி மாதம் எவன் கையிலும் காசு இருக்காது. இருந்ததெல்லாம் குறுவைக்கு வயலில் இறங்கியிருக்கும். இந்தக் கல்விக் காலண்டரைப் போட்டவர் நிச்சயமாகக் குத்தகை விவசாயி இல்லை. அம்மாவின் இரண்டு வளையல் சீர்காழி அடகுக் கடைக்குப் போயிற்று. நான் டிரங்குப் பெட்டியோடு பாசஞ்சர் ரயிலில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சிதம்பரம் போய் இறங்கினேன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு என்றுதான் எங்கள் ஆட்களுக்கு நினைப்பு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.யு.சி. கணக்கில் நாற்பதுக்குக் கீழே. அறிவியல் பிரிவு கிடைக்காது. கலைப் பிரிவில் வரலாறு, பொருளாதாரம், மூன்றாவதாக லாஜிக். லாஜிக் என்றால் என்ன என்று வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனைக் கேட்டேன். "ஏதோ மேஜிக் மாதிரி" என்றான். கையெழுத்துப் போட்டேன்.

*

பதினொரு வருடம் தமிழில் படித்துவிட்டு ஒரே நாளில் இங்கிலீஷில் உட்கார வைத்தார்கள். பி.யு.சி.யின் உண்மையான பாடம் அதுதான். வரலாறு, பொருளாதாரம் எல்லாம் சாக்கு. ஆசிரியர் பேசுவது காதில் விழும், கருத்தில் ஏறாது. பக்கத்தில் இருப்பவன் எழுதுவதைப் பார்த்து எழுதுவோம். அவனும் யாரையோ பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருப்பான். அந்த வருடம் சிவப்புக் கோடு போட்ட நீள நோட்டு ஒன்றில் நான் எழுதிய குறிப்புகள் இன்னும் பரணில் இருக்கின்றன. மூன்று பக்கத்துக்கு ஒரு வாக்கியம்கூட முடிவதில்லை.

லாஜிக் வகுப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அதில் பாட்டு இருந்தது. எந்த வடிவத்தில் அமைந்த வாதம் செல்லும் என்பதை நினைவில் வைக்க ஐரோப்பாவில் இடைக்காலத்திலேயே ஒரு மனப்பாடச் செய்யுள் கட்டியிருக்கிறார்கள். பார்பரா, செலாரென்ட், டாரி, ஃபெரியோ என்று போகும், மொத்தம் பத்தொன்பது பெயர். ஒவ்வொரு பெயரிலும் உள்ள இங்கிலீஷ் உயிரெழுத்துகள்தான் சூத்திரம். ஏ என்றால் 'எல்லாம் இப்படி'. இ என்றால் 'எதுவுமே இப்படி இல்லை'. ஐ என்றால் 'சில இப்படி'. ஓ என்றால் 'சில இப்படி இல்லை'. பார்பராவில் மூன்று ஏ. அதாவது மூன்று வாக்கியமும் 'எல்லாம்' என்று வரும். திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியைப் போல விடுதி மாடியில் கோரஸாகக் கத்துவோம். பக்கத்து அறை வேதியியல்காரர்கள், இவர்கள் ஏதோ வெள்ளைக்காரச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் பார்பராவை விளக்கினேன். எல்லா நஞ்சைக்கும் தண்ணீர் வேண்டும். நம் ஆறு மாவும் நஞ்சை. ஆகவே நம் ஆறு மாவுக்கும் தண்ணீர் வேண்டும். அப்பா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இதுக்கு வளையலை வச்சுப் படிக்கணுமா?" என்றார். சரி என்று தப்பான வாதம் ஒன்றைச் சொன்னேன். நெல் தண்ணீரில் வளரும். கோரையும் தண்ணீரில் வளரும். ஆகவே கோரையும் நெல்தான். நடுப்பதம், அதாவது இரண்டு கூற்றிலும் வரும் 'தண்ணீரில் வளர்வது', இரண்டையும் சேர்த்துக் கட்டவில்லை, அதனால் முடிவு செல்லாது என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "களை பறிக்க வர்றவகிட்ட போய்ச் சொல்லு, உன்னைத்தான் முதல்ல பறிச்சுப் போடுவா" என்றாள்.

முதல் தேர்வில் எனக்கு ஐம்பதுக்குப் பதினொன்று. தாளை வாங்கிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். வாதத்தில் முடிவுக்கு முன்னால் வரும் கூற்றை ஆங்கிலத்தில் பிரெமிஸ் என்பார்கள். தமிழில் எடுகூற்று. நான் தாள் முழுக்க 'மேஜர் பிராமிஸ்', 'மைனர் பிராமிஸ்' என்று எழுதியிருந்தேன். பெரிய சத்தியம், சின்ன சத்தியம். காதில் அப்படித்தான் விழுந்திருந்தது. அதற்குப் பொருளும் நானே கற்பித்துக்கொண்டிருந்தேன்: ஒரு பெரிய வாக்கு, ஒரு சின்ன வாக்கு, இரண்டையும் கொடுத்தால் முடிவைக் கொடுத்தே ஆக வேண்டும். இப்போது யோசித்தால் அது ஒன்றும் அவ்வளவு மோசமான விளக்கம் இல்லை.

எங்கள் லாஜிக் ஆசிரியர் வேட்டி கட்டுபவர், பொடி போடுபவர். வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நின்றேன்.

"எந்த ஊரு?"

சொன்னேன்.

"பூம்புகார் பக்கம். சரி. இங்கிலீஷை விடு. மணிமேகலை படிச்சிருக்கியா?"

பள்ளியில் பாத்திரம் பெற்ற கதை மட்டும் படித்திருந்தேன். அவர் மேசை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்ன கால் மணி நேரத்தைத்தான் என் ஆயத்த ஆண்டு என்று நான் கணக்கில் வைத்திருக்கிறேன். பூம்புகார்ப் பெண் வஞ்சி மாநகருக்குப் போகிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், பூதவாதி என்று பத்துப் பேரிடம் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். பிறகு காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் சொல்லுங்கள் என்கிறாள். அவர் எடுத்த எடுப்பில் அறத்தைச் சொல்வதில்லை. எதை வைத்து ஒன்றை உண்மை என்று ஒப்புக்கொள்வது, காண்டல் எது, கருதல் எது, பழுதான ஏதுக்கள், அதாவது காரணங்கள், எத்தனை வகை என்று ஒரு காதை முழுக்க அளவையைச் சொல்கிறார். அடுத்த காதையில்தான் தருமம்.

"அப்ப மணிமேகலைக்கே பி.யு.சி. உண்டு" என்றார். "இம்மலை நெருப்புடைத்து. புகையுடைமையால். அடுக்களை போல. இதுல எது உன் மேஜர் பிராமிஸ்?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிராமிஸ் என்று எழுதியதற்கு என்னைப் பார்த்துச் சிரிக்காமல் என்னோடு சேர்ந்து சிரித்த ஒரே ஆசிரியர். அதற்கப்புறம் பிரெமிஸ் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குள் அடுக்களை ஒன்று புகைய ஆரம்பிக்கும்.

அவரே இன்னொன்றும் சொன்னார். அதே காதையில், தூரத்தில் தெரிவது ஆவியா பனியா புகையா என்று ஐயமாக இருக்கும்போதே நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவதை ஒரு பிழையாக எண்ணிக் காட்டியிருக்கிறதாம். "உங்க ஊர்ல மார்கழில பனி ஜாஸ்தி இருக்குமே, கவனமா இரு" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

*

1977 பொங்கல் விடுமுறை. போகிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ. விடியற்காலை கொல்லைப் பக்கம் போனேன். எதிர் வீட்டுக் களத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வைக்கோல் போர். அதன் உச்சியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. தூக்கக் கலக்கம். "போர் எரியுது! போர் எரியுது!" என்று கத்திவிட்டேன்.

தெருவே எழுந்தது. குடம், தவலை, அண்டா என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். குளத்திலிருந்து வரிசை நின்றது. எதிர் வீட்டுக்காரர் போரின் பின்பக்கம் ஓடினார். "இங்கதான்டா!" என்று அலறினார். முதல் நாள் சாயந்தரம் நெல் அவித்த அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய உமிச் சாம்பல் அங்கே கிடந்தது. உமி நெருப்பு தெரியும்தானே, மேலே சாம்பல் பூத்துச் செத்த மாதிரி கிடக்கும், உள்ளே ராத்திரி முழுக்கக் கனிந்துகொண்டிருக்கும். அது மெல்ல ஊர்ந்து போரின் அடியைத் தொட்டிருந்தது. பனியில் நனைந்த வைக்கோல் ஆனதால் பற்றவில்லை, ஒரு சாண் அகலத்துக்குக் கருகியிருந்தது. இன்னும் அரைமணி நேரம் விட்டிருந்தால் களம் போயிருக்கும், பக்கத்துக் கூரைகளும் போயிருக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள்.

எல்லாரும் என்னைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். காலேஜ் படிக்கிற பிள்ளை, கண் எவ்வளவு கூர்மை பார் என்றார்கள். எதிர் வீட்டு அத்தை செம்பு நிறையப் பால் கொடுத்தாள். நான் பாலைக் குடித்துக்கொண்டே போரின் உச்சியைப் பார்த்தேன். நெருப்பு அணைந்து நேரம் ஆகியும் அந்த வெள்ளை அங்கேயே நின்றது. அடுத்த வீட்டுப் போரின் மேலும் நின்றது. குளத்தின் மேல் நின்றது. எங்கள் கோயில் மதில் மேல்கூட நின்றது.

நான் பார்த்தது பனி.

யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் இரவு சொன்னேன். "நெருப்பு இருந்துச்சுல்ல? அப்புறம் என்ன?" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து போனதும் லாஜிக் ஆசிரியரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனா, திட்டுவார் என்று எதிர்பார்த்தேனா, நினைவில்லை. அவர் பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமலே மூடிவிட்டார். "நீ சொன்னது உண்மை. நீ சொன்னதுக்குக் காரணமும் வச்சிருந்த. ஆனா அந்தக் காரணத்துக்கும் அந்த நெருப்புக்கும் சம்பந்தமே இல்ல. அப்ப போர் எரியறது உனக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?" என்றார்.

பதில் சொல்லவில்லை. அவரும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பட்டப்படிப்புக்குத் தத்துவத்தை எடுத்தது அந்தக் கேள்வியால்தான் என்று பின்னாளில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. தத்துவத்தில் இடம் காலியாக இருந்தது, கட்டணச் சலுகையும் கிடைத்தது. கேள்வியும் இருந்தது.

*

பட்டப்படிப்பு மூன்று வருடத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1977 நவம்பர் 12 புயல் நாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. ஊருக்குப் போய்ப் பார்த்தபோது தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டுக் கூரை நின்றிருந்தது. எதிர் வீட்டுக் கூரை போய்விட்டது, பால் கொடுத்த பசுவும் போய்விட்டது. "நம்ம வீடு நின்னது நாம செஞ்ச புண்ணியம்" என்றார் அப்பா. அப்படியானால் எதிர் வீட்டு அத்தை என்ன பாவம் செய்தாள் என்று கேட்க வாய் வந்தது, அவள் திண்ணையில் உட்கார்ந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். திரும்பிப் போனால் வகுப்பில் தீமைப் பிரச்சினை. கடவுள் நல்லவர், எல்லாம் வல்லவர் என்றால் 1755இல் லிஸ்பன் நிலநடுக்கம் ஏன் என்று வால்டேர் கேட்டதை ஆசிரியர் நடத்துகிறார். லிஸ்பன் வரைக்கும் ஏன் போக வேண்டும் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தோன்றியது. யாரும் கேட்கவில்லை. பரீட்சைக்கு லிஸ்பன்தான் எழுதினோம்.

மூன்றாம் வருடத்தில்தான் என் வைக்கோல் போர் திரும்பி வந்தது. எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கர் 1963இல் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒருவன் நம்புவது உண்மையாக இருக்கிறது, நம்புவதற்குத் தகுந்த காரணமும் வைத்திருக்கிறான். இவ்வளவும் இருந்தால் அது அறிவு என்று சொல்லிவந்தார்கள். போதாது என்று இரண்டு உதாரணத்தோடு காட்டினார். வகுப்பில் அதை நடத்தியபோது எனக்கு வேர்த்துவிட்டது. அது என் கதை. பல வருடம் கழித்து, வங்கி வேலைக்கு நடுவில், இன்னொன்றும் படித்தேன். 8ஆம் நூற்றாண்டிலேயே தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் இதே போன்ற ஒன்றைச் சொல்லியிருக்கிறார். இறைச்சி சுட நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இன்னும் புகை எழவில்லை. இறைச்சிக்கு ஈ மொய்க்கிறது. தூரத்தில் நிற்பவன் ஈக்கூட்டத்தைப் புகை என்று எண்ணி, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது. அவனுக்கு ஈ, எனக்குப் பனி.

வேலைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதைத்தானே எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு நேர்முகத் தேர்வில், "தத்துவம் படிச்சுட்டு வட்டிக் கணக்கு போடுவீங்களா, இல்ல கடன் வாங்கினவன்கிட்ட உலகமே மாயைன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். வேலை கிடைக்கவில்லை. வேறொரு வங்கியின் எழுத்துத் தேர்வில் பாதிக்கு மேல் பார்பராவும் செலாரென்ட்டும் வேறு பெயரில் வந்திருந்தார்கள். கிடைத்துவிட்டது. இன்றைக்குக் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களில் பிள்ளைகள் வட்டம் வட்டமாகப் போட்டு, 'எல்லா நாற்காலியும் மேசை, சில மேசை கதவு' என்று மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். இது அரிஸ்டாட்டிலின் லாஜிக் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தத்துவத் துறையில் ஆள் இல்லை. தத்துவத்தின் முதல் பாடத்துக்கு மட்டும் மாதக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கிறார்கள்.

*

பேத்தி தன் பல்கலைக்கழகத்துப் பாடத்திட்டத்தை வாட்ஸப்பில் அனுப்பினாள். இரண்டு நாள் கண்ணாடி போட்டுப் படித்தேன். கட்டுரை எழுதுவது எப்படி, வாதத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி, ஒரு நூலை வரி வரியாக வாசிப்பது எப்படி, அறவியலுக்கு அறிமுகம். சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் வகுப்புகள். எங்களுக்கு இருந்ததைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனாலும் எல்லா இடமும் இப்படி இல்லை என்பதையும் பார்த்தேன். ஆயத்த ஆண்டு என்ற பெயரில் கூட்டம் சேர்த்துக் கட்டணம் வாங்கும் இடங்கள் அங்கேயும் பெருகிவிட்டன என்று புகார் உண்டு. 2019இல் அங்கே உயர்கல்விக்கான ஒரு மறுஆய்வுக் குழு, இந்த ஆண்டுகளுக்குக் கல்விக்கடன் தருவதையே நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அந்த அளவுக்குப் போகவில்லை. வகுப்பறையில் மட்டும் நடக்கும் பாடங்களுக்கு ஆயத்த ஆண்டின் கட்டணத்தை 2025-26 முதல் 5,760 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. மற்ற ஆண்டுகளுக்கு அப்போது 9,535. தத்துவத்துக்கு ஆய்வுக்கூடமா வேண்டும்? ஒரு கரும்பலகையும் பொடி டப்பாவும் போதும், இந்த உச்சவரம்பே அதிகம் என்று எனக்குப் பட்டது. விண்ணப்பித்தால் கடன் கிடைக்கும். இப்போதைய விதிப்படி வருடத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்பது பிடிப்பார்கள், நாற்பது வருடத்தில் மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். முப்பத்தேழு வருடம் பயிர்க்கடன் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது கடனே இல்லை, வேறு பெயரில் ஒரு வரி. வளையலை வைக்க வேண்டியதில்லை. இந்தச் சலுகையெல்லாம் அங்கேயே வாழ்கிற பிள்ளைகளுக்கு. இங்கிருந்து போகும் பிள்ளைக்குக் கணக்கே வேறு. வீட்டை விற்றுத் தத்துவத்தின் ஆயத்த ஆண்டுக்குப் போகிறேன் என்று எவனாவது கேட்டால் நானே வேண்டாம் என்பேன்.

பல்கலைக்கழகத்திடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்லி அவளிடம் சொன்னேன். அந்த ஆண்டில் தத்துவ ஆசிரியர்களே வந்து நடத்துகிறார்களா, இல்லை அதற்கென்று வேறு ஆட்களா? முதலாண்டுக்குப் போக எவ்வளவு மதிப்பெண் வேண்டும், தவறினால் என்ன? மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிட்டாள். ஒழுங்கான பதில் வந்தது.

அப்புறம் அந்தக் கேள்விக்கு வந்தாள். "தாத்தா, அந்த ஒரு வருஷம் உங்களுக்கு யூஸ் ஆச்சா?"

வைக்கோல் போர்க் கதையைச் சொன்னேன். அவளுக்கு உமி என்றால் என்ன என்று விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. நெல்லை எதற்கு அவிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு ஐந்து நிமிடம். முடிக்கும்போது திரையில் அவள் முகம் அருகில் வந்துவிட்டது.

"இது கெட்டியர் கேஸ் தாத்தா!" என்றாள். புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள் போலிருக்கிறது. "நின்னுபோன கடிகாரம் ஒண்ணு படிச்சேன். கரெக்டா அந்த டைம்ல பார்த்தா கரெக்ட் டைம் காட்டும். ஆனா உங்களோடது பெட்டர்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். "அதனால பயப்படாதே. நானும் இப்படி ஒரு வருஷம் கூடத்தான் படிச்சேன், தத்துவம்தான் படிச்சேன், எனக்கு நல்லாத்தானே போச்சு? உனக்கும் நல்லா வரும்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன்.

"தாத்தா, நீங்க பேங்க் எக்ஸாம் எழுதினது எந்த வருஷம்?"

"எண்பத்தொண்ணு."

"அப்போ பேங்க்ல நிறைய ஆள் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க. தேசியமயமாக்கி ஊர் ஊரா கிளை திறந்த நேரம்."

"அப்போ உங்களுக்கு நல்லா போனது அதனால இருக்கலாம்ல? தத்துவத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாம இருக்கலாம்ல? நீங்க சொல்றது பனி தாத்தா."

வாசலுக்கு வெளியே பார்த்தேன். வெயில் ஏறிவிட்டிருந்தது.

அன்று மாலையே தங்கை மகள் கூப்பிட்டாள். "என்ன மாமா, எடுத்துச் சொன்னீங்களா? அவ வேற ரொம்ப சந்தோஷமா இருக்கா. விண்ணப்பத்தை அனுப்பிட்டேங்கிறா. எனக்கு ஒரே வார்த்தையில சொல்லுங்க, நல்லா வருமா வராதா?"

"தெரியலம்மா" என்றேன்.

"நாலு வருஷம் தத்துவம் படிச்சுட்டுத் தெரியலைங்கிறீங்களே மாமா!"

பின்னாலிருந்து மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது.